ஒரு கவுளிப் பால்

மாயக்காளுக்குப் பிள்ளை பிறந்த செய்தி எங்கள் ஊரில் இரண்டு தடவை பரவியது. முதல் தடவை, அவள் புருஷன் கருத்தக்கண்ணன் வீட்டில் பொம்பளைப் பிள்ளை என்று. கொஞ்ச நேரம் கழித்து, பிள்ளை மூளி என்று. இரண்டாவது செய்திக்குக் கால் வேகம் அதிகம். மேலத்தெரு முனைக்குள்ளேயே அது முதல் செய்தியைப் பிடித்துவிட்டது. அதற்கப்புறம் முதல் செய்தியை யாரும் வாயில் எடுக்கவில்லை.

பிள்ளைக்கு மேலுதடு இடது மூக்குத் துளை வரைக்கும் பிளந்திருந்தது. வாயைத் திறந்து அழுதால் உள்ளே அண்ணத்திலும் அந்தப் பிளவு ஓடுவது தெரியும். மற்றபடி குறை சொல்ல ஒன்றும் இல்லை. தலை நிறைய முடி, நீள நீளமான விரல், நல்ல கறுப்பு. ஆனால் விரலைப் பார்க்க யாரும் வரவில்லை.

சோழவந்தானை அடுத்து வைகைக் கரையை ஒட்டின ஊர் எங்களுடையது. ஊருக்கே வெற்றிலைதான் பிழைப்பு. கொடிக்காலுக்குள் அகத்தி மரத்தில் படரும் கொடியிலிருந்து ஆண்கள் இலையைக் கிள்ளிக் கூடை கூடையாகக் கொண்டுவந்து கொட்டுவார்கள். வெளியே கொட்டகையில் பெண்கள் உட்கார்ந்து, இலையை ரகம் பிரித்து, காம்பை ஒரே அளவாகக் கிள்ளி, நூறு நூறாக அடுக்குவார்கள். நூறு இலை ஒரு கவுளி. கிள்ளுவதற்குக் கட்டைவிரலில் ஒரு இரும்பு நகம் மாட்டிக்கொள்வார்கள். கொல்லன் தகட்டை வளைத்து நுனியைத் தீட்டிக் கொடுப்பான். மாயக்காள் கல்யாணமாகி வந்த வாரத்திலேயே அந்த நகத்தை மாட்டிக்கொண்டவள். அவள் வேகத்துக்குக் கொட்டகையில் ஆள் கிடையாது. ஊர்வம்பு அத்தனையும் பேசிக்கொண்டே அடுக்குவாள், எண்ணிக்கையில் ஒன்று கூடாது, ஒன்று குறையாது.

ஆடி மாதம் பகலில் ஒரு சூரிய கிரகணம் வந்தது. வயிற்றுப்பிள்ளைக்காரி கிரகண நேரத்தில் வெளியே தலைகாட்டக் கூடாது, எதையும் அரியக் கூடாது, கிள்ளக் கூடாது, மீறினால் பிள்ளைக்கு மூளி விழும் என்பது எங்கள் பக்கத்து நம்பிக்கை. அன்றைக்கு மாயக்காள் கொட்டகையில் உட்கார்ந்து காம்பு கிள்ளினாள். அவளுக்கு அப்போது மூன்றாம் மாதம். பார்த்தவர்கள் இருந்தார்கள். அவர்கள் அன்றைக்கு ஒன்றும் சொல்லவில்லை. பத்திரமாக வைத்திருந்து பிள்ளை பிறந்த அன்றைக்குச் சொன்னார்கள்.

"அன்னைக்குன்னு என்ன வெத்திலை வேண்டிக் கெடக்கு இவளுக்கு? வீட்டுல முடங்கிக் கெடந்தா என்னவாம்?"

"கை அரிப்பெடுத்தவளுக்குக் கிரகணமாவது ஒண்ணாவது."

மாயக்காள் பதில் சொல்லவில்லை. சொல்வதற்கு அவளிடம் ஒரு பதில் இருந்தது. அன்றைக்கு அவள் கதவை அடைத்துக்கொண்டுதான் படுத்திருந்தாள். மத்தியான ரயிலுக்கு வெற்றிலைக் கட்டு ஏற்ற வேண்டியிருந்தது. கிரகணம் என்று மற்றப் பெண்கள் வரமாட்டேன் என்றுவிட்டார்கள். கருத்தக்கண்ணன் வந்து கதவைத் தட்டி, "செத்த நேரம் உக்காந்து குடுத்துட்டு வந்துரு, ஒண்ணும் ஆகாது" என்று கூப்பிட்டான். அவள் எழுந்து போனாள். இது அவனுக்குத் தெரியும், அவளுக்குத் தெரியும். ஊர் அவளைப் பேசியபோது அவன் வாயைத் திறக்கவில்லை. அவள் சொல்லட்டும், சொன்னால் ஒத்துக்கொள்ளலாம் என்று இருந்தான். அவள் சொல்லவே இல்லை. நாள் ஏற ஏறச் சொல்வது அவனுக்கு இன்னும் கஷ்டமாகிக்கொண்டே போயிற்று.

வீட்டில் இன்னொரு ஆள் கருத்தக்கண்ணனின் அக்கா மலையம்மாள். புருஷன் செத்தபின் தம்பி வீட்டோடு வந்துவிட்டவள். பிள்ளையைப் பார்த்த உடனே அவள் செய்த முதல் காரியம், மாயக்காளின் இரும்பு நகத்தைத் தேடி எடுத்து எரவாணத்தில் கூரை ஓலைக்குள் செருகியதுதான்.

"இனிமே இதத் தொட்டியோ, கைய முறிச்சிருவேன்."

சொல்லிவிட்டுப் போய்ப் பூண்டும் கருவாடும் போட்டுக் குழம்பு வைத்தாள். வைத வாயும் அவளுடையதுதான், மாயக்காளுக்கு மூன்று வேளையும் சுடுசோறு போட்ட கையும் அவளுடையதுதான். எங்கள் ஊர் மனுஷர்கள் அப்படித்தான், ஒரே ஆளாக இருக்கத் தெரியாது.

பிள்ளைக்கு மார்பைக் கவ்வ முடியவில்லை. கவ்வினாலும் பிளவு வழியாகக் காற்றுதான் போயிற்று, பால் வரவில்லை. மாயக்காள் பித்தளைத் தம்ளரில் பாலைப் பீய்ச்சி வைப்பாள். மலையம்மாள் பிள்ளையைக் காலில் போட்டுச் சங்கில் எடுத்துப் புகட்டுவாள். பாதி மூக்கு வழியாகத் திரும்பி வரும். பிள்ளை தும்மும், திணறும், அலுத்துப்போய்த் தூங்கும். மிச்சத்தை முருங்கை மரத்தடியில் ஊற்றிவிடுவார்கள். மாயக்காளுக்குப் பால் குறையவில்லை. ரவிக்கை நனைந்து காய்ந்து திரும்ப நனைந்தது. அவள் அதை மாற்றவும் இல்லை. அழுகையும் வரவில்லை. பிள்ளையின் முகத்தை அவள் நேராகப் பார்ப்பதில்லை என்பதை மலையம்மாள் கவனித்தாள், ஆனால் கேட்கவில்லை. பார்க்கப் பிடிக்காமல் இல்லை. பார்த்தால் ஏதாவது தோன்ற வேண்டும், ஒன்றும் தோன்றவில்லை, அதுதான்.

பதினாறாம் நாள் பெயர் வைக்க யாரும் எடுத்துச் சொல்லவில்லை. பத்தொன்பதாம் நாள் மலையம்மாள் பிள்ளையைக் குளிப்பாட்டும்போது தொடைச் சதை தொளதொளவென்று தொங்கியது.

"தம்பி, இது கரையுதுடா. பெறந்தப்ப இருந்ததுல பாதி இல்ல. சங்குல ஊத்தி இனி ஆகாது. மதுரைக்குத் தூக்கிட்டுப் போங்க."

"மதுரையில எங்க?"

"மிஷன் ஆஸ்பத்திரிக்கு. பொம்பளைக்குப் பொம்பளையே பாக்குறாகளாம். போ, நிக்காத."

மறுநாள் மாசிப் பனி விலகாத நேரத்தில் ரயில். வண்டி முழுக்க வெற்றிலைக் கட்டும் ஆட்களும். மாயக்காள் சேலைத் தலைப்பால் பிள்ளையை மூடிக்கொண்டு ஜன்னல் ஓரம் உட்கார்ந்தாள். எதிர்ச்சீட்டில் இருந்த கிழவி எட்டிப் பார்த்தாள். தலைப்பு காற்றில் விலகியது.

"அடி ஆத்தே. கிரகணமா தாயி?"

"ம்."

"பாத்து இருந்திருக்கக் கூடாதா?"

"ம்."

கருத்தக்கண்ணன் பக்கத்திலேயே நின்றுகொண்டிருந்தான். வைகை மணலைப் பார்த்துக்கொண்டு நின்றான்.

ஆஸ்பத்திரியில் பிள்ளைத்தாய்ச்சி வார்டுக்குள் ஆண்களை விடவில்லை. அவன் வேப்ப மரத்தடியில் உட்கார்ந்துவிட்டான். உள்ளே தெரசா என்ற நர்ஸ் பிள்ளையை வாங்கித் தராசுத் தட்டில் போட்டாள். நாற்பது வயதிருக்கும், கறாரான குரல், ஆனால் கை மெதுவானது.

"நாலே முக்கால் ராத்தல். பேர் என்னம்மா?"

"வைக்கல."

தெரசா சீட்டில் 'மாயக்காள் பிள்ளை' என்று எழுதினாள். சுண்டுவிரலைக் கழுவிக்கொண்டு பிள்ளையின் வாய்க்குள் விட்டுப் பார்த்தாள்.

"இந்தா பாரு, சப்பத் தெரியுது. சப்புறதுக்கு ஆசையும் இருக்கு. உறிஞ்ச முடியல, அம்புட்டுத்தேன். இதத் தைக்கலாம்மா. மதராசுல பெரிய டாக்டர் தைக்கிறாரு. ஆனா பத்து ராத்தல் எடை வரணும். இப்ப கத்தி வச்சா தாங்காது."

"பத்து ராத்தல்."

"ஆமா. அதுக்குக் குடிக்கணும். குடிக்கலைன்னா இந்த மாசம் தாண்டாது. மறைக்காமச் சொல்றேன்."

மாயக்காள் தலையை ஆட்டினாள். இதற்கு ஒரு தாய் அழுவாள் என்று தெரசா எதிர்பார்த்துக் காத்திருந்தாள். பிறகு அலமாரியைத் திறந்து ஒரு கண்ணாடிப் பால்புட்டியை எடுத்தாள். படகு மாதிரி வளைந்த புட்டி.

"புட்டி இரவல் தாரேன். ரப்பர் நிப்பிள் என்கிட்ட இல்ல. யுத்தத்துல ரப்பரெல்லாம் வண்டிச் சக்கரத்துக்குப் போயிருச்சு. நீங்கதேன் கடையில தேடணும். நல்லாக் கேட்டுக்க. நிப்பிள் மெத்துனு இருக்கணும். எப்பிடின்னா, உன் காதைத் தொட்டுப் பாரு. தொடும்மா. அந்தக் காது மடல் மாதிரி இருக்கணும். கட்டியா இருந்தா இதால அமுக்க முடியாது. கொஞ்சம் நீளமா இருக்கணும், பிளவு இல்லாத பக்கத்து ஈறுல படுற மாதிரி. ஓட்டை பெருசா இருந்தா மடமடன்னு இறங்கி மூச்சடைச்சிரும். சின்னதா இருந்தா சப்பிச் சப்பி அலுத்துத் தூங்கிரும். தூங்குதேன்னு வயிறு நெறஞ்சதா நெனைச்சிராத. புட்டியில பால் குறைஞ்சிருக்கான்னு பாரு."

"சரி."

"ஊசியில குத்துன ஓட்டை எப்பவும் தெறந்தே கெடக்கும். இந்த மாதிரிப் பிள்ளைக்கு நுனியில கீறி விடணும், கூட்டல் குறி மாதிரி. அமுக்குனாத் தெறக்கும், விட்டா மூடிக்கும். நல்ல ரப்பர் கெடச்சா இங்க எடுத்துட்டு வா, நான் கீறித் தாரேன். வீட்டுல பிளேடு வச்சு வெட்டிராதீங்க. கை பழகாதவுக வெட்டுனாக் கிழிஞ்சிரும்."

மாயக்காள் பிள்ளையை வாங்கிக்கொண்டு கிளம்பினாள். வாசல்வரை போய்த் திரும்பி வந்தாள்.

"நர்சம்மா, கிரகணத்துல நான் வெத்திலைக் காம்பு கிள்ளுனேன்."

"அதனால ஆச்சுன்னு யாரு சொன்னா? எங்க தெருவுல ரெண்டு பிள்ளைக்கு இருக்கு. எங்க ஆளுக கிரகணமே பாக்குறதில்ல."

"அப்ப எதுனால?"

"தெரியாதும்மா. டாக்டரம்மாவுக்கே தெரியாது."

இது நல்ல வார்த்தை என்று மாயக்காளுக்குப் புரிந்தது. ஆனால் பத்தொன்பது நாளாகக் குற்றமாவது ஒன்று கையில் இருந்தது, இப்போது அதுவும் இல்லை. வெறும் பிள்ளை மட்டும்தான் இருந்தது.

டவுன்ஹால் ரோட்டில் மூன்று கடை ஏறி இறங்கினார்கள். இல்லை, இல்லை, யுத்தம் முடியட்டும் என்றார்கள். நாலாவது கடை சின்னது. இன்னாசிமுத்து என்பவருடையது. மருந்துப் பாட்டில்களுக்கு நடுவே அவரும் ஒரு பாட்டில் மாதிரி ஒடுங்கி உட்கார்ந்திருந்தார்.

"நிப்பிளா? இருக்கு அண்ணே. ரெண்டே ரெண்டு கெடக்கு, பழைய சரக்கு" என்று ஒரு தகர டப்பாவைத் துழாவினார். இரண்டையும் மேஜையில் வைத்தார்.

ஒன்று கறுப்பாக, குட்டையாக, தடித்திருந்தது. மற்றது தேன் நிறம், நீளம், லேசாகத் தொய்ந்திருந்தது.

"இந்தத் தேன் கலர்ல ஓட்டையே போடாம அனுப்பிட்டானுக. கம்பெனிக்காரன் தூக்கத்துல செஞ்சது போல. எவனும் எடுக்கல. கறுப்புல ஓட்டை இருக்கு."

கருத்தக்கண்ணன் இரண்டையும் கையில் எடுத்தான். அவன் கொடிக்காலில் வளர்ந்தவன். தூரத்துச் சந்தைக்குப் போகிற வெற்றிலை கறுத்துத் தடித்திருக்க வேண்டும், விரலில் மடித்தால் ஒடியும் ஓசை கேட்க வேண்டும், இளசாகத் தொய்ந்தது ரயிலிலேயே அழுகிவிடும். இருபது வருஷமாக அவன் விரலுக்குத் தெரிந்த நல்லது அதுதான். கறுப்பை மடித்துப் பார்த்தான். அது விறைப்பாக நிமிர்ந்துகொண்டது. தேன் நிறத்தை மடித்தான். மடித்தபடி கிடந்தது.

"இது தாங்காது அண்ணே. ரெண்டு நாள்ல பிஞ்சு போகும். கறுப்பக் குடுங்க. இது நின்னு உழைக்கும்."

மாயக்காள் இரண்டடி தள்ளி நின்றுகொண்டிருந்தாள். காது மடல் மாதிரி என்று தெரசா சொன்னது அவளுக்கு நன்றாக ஞாபகம் இருந்தது. பார்த்தவுடனேயே எது என்று தெரிந்தும் விட்டது. சொல்லியிருக்கலாம். வாயைத் திறந்து மூன்று வார்த்தை. அவள் சொல்லவில்லை. ஏன் என்று பின்னால் பலமுறை யோசித்தாள், பிடிபடவில்லை. அவன் கூப்பிட்டால் போவது, அவன் எடுத்தால் சரி என்பது என்று அந்த நேரத்தில் அவளுடைய உடம்பு தானாகவே நின்றுகொண்டிருந்தது.

"அண்ணனுக்கு என்ன தொழிலு?" என்றார் இன்னாசிமுத்து.

"வெத்திலை."

"அதேன் மடிச்சு மடிச்சுப் பாக்குறீக." சிரித்தார். அப்போதுதான் தலைப்பு விலகிப் பிள்ளையின் வாய் அவர் கண்ணில் பட்டது. சிரிப்பை நிறுத்திவிட்டுத் தேன் நிறத்தையும் அதே காகிதத்தில் போட்டு மடித்தார். "இதுக்குத் துட்டு வேணாம். சும்மா கெடக்குறதுதானே. வச்சுக்கங்க."

மத்தியானம் வீடு வந்தார்கள். வெயில் சுள்ளென்று அடித்தது. மலையம்மாள் புட்டியைச் சுடுதண்ணீரில் போட்டு எடுத்து, மாயக்காள் பீய்ச்சின பாலை ஊற்றி, கறுப்பு நிப்பிளை மாட்டினாள். பிள்ளை வாயில் வைத்ததும் ஆவலாகக் கவ்வியது. ஈறு அமுக்கிப் பார்த்தது, ரப்பர் அசையவில்லை. அரை மணி நேரம் மல்லுக்கு நின்றது. கன்னம் வேர்த்தது. பிறகு தூங்கிப்போனது.

"பாத்தியா?" மலையம்மாளுக்கு முகம் மலர்ந்துவிட்டது. "மூக்குல வரல, தும்மல, எம்புட்டு நிம்மதியாத் தூங்குது. கெட்டிக்காரப் புட்டிதேன்."

மாயக்காள் புட்டியை எடுத்து வெளிச்சத்தில் பிடித்தாள். பால் ஊற்றின இடத்திலேயே நின்றது.

"மதினி, குறையல."

"என்னது?"

"பால் குறையல."

சாயங்காலமும் குறையவில்லை. சங்கில் ஊற்றினார்கள், மூக்கில் வந்தது. மறுநாள் விடிந்தபோது பிள்ளை அழுவதை நிறுத்தியிருந்தது. வாயை மட்டும் திறந்து திறந்து மூடியது, சத்தம் வரவில்லை.

"ஓட்டை பத்தலடா. அதேன் சங்கதி" என்றாள் மலையம்மாள். வெற்றிலைக் கட்டுத் தைக்கிற கோணி ஊசியை அடுப்புக் கங்கில் செருகினாள். சிவந்ததும் எடுத்துக் கறுப்பு நிப்பிளின் நுனியில் இறக்கினாள். ரப்பர் பொசுங்கி வீடெல்லாம் நாறியது. ஒரு குத்துக்கு இரண்டு குத்தாகக் குத்தினாள். சூடு ஆறவைத்து, கழுவி, மாட்டி, பிள்ளை வாயில் வைத்தாள்.

பால் இறங்கியது. இறங்கிய வேகத்தை அவள் சந்தோஷத்தில் கவனிக்கவில்லை. "குடிக்குதுடா தம்பி, குடிக்குது, இங்க வந்து பாரு" என்று கூவினாள். அவன் வாசலிலிருந்து எழுந்து வருவதற்குள் பிள்ளை கையைக் காலை விறைத்தது. மூக்கு, வாய், பிளவு மூன்றிலும் பால் நின்றது. முகம் கறுத்து நீலமாயிற்று.

மலையம்மாள் புட்டியை எறிந்தாள். பிள்ளையைக் கவிழ்த்துப் பிடித்து முதுகில் தட்டினாள், தட்டிக்கொண்டே இருந்தாள். "மூச்ச விடுறீ, மூச்ச விடு, என் ஆத்தா, விடுறீ." கருத்தக்கண்ணன் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றான். எவ்வளவு நேரம் என்று யாருக்கும் தெரியாது. ஒரு இருமல் வந்தது. பிறகு ஒரு மெல்லிய முனகல். நீலம் மெதுவாக வடிந்தது.

மலையம்மாள் அப்படியே தரையில் உட்கார்ந்தாள். "நான் கொன்னுருப்பேன்" என்றாள். "என் கையால கொன்னுருப்பேன்."

மாயக்காள் எழுந்தாள். இருபது நாளில் அவளாக எழுந்தது அதுதான் முதல் தடவை. மாடத்திலிருந்த காகித மடிப்பைப் பிரித்துத் தேன் நிற நிப்பிளை எடுத்தாள். இன்னொரு கையால் தன் காதைத் தொட்டாள். நிப்பிளைத் தொட்டாள். திரும்பக் காதைத் தொட்டாள்.

"இதுதேன்" என்றாள்.

"அதுல ஓட்டையே இல்லையே" என்றான் கருத்தக்கண்ணன். "நர்சம்மாகிட்ட எடுத்துட்டு ஓடுறேன்."

"காலை ரயில் போயிருச்சு. நீங்க போய்ட்டு வாரதுக்கு ராத்திரி ஆகும். அதுவரைக்கும் இது இருக்காது." குரலில் ஏற்ற இறக்கம் இல்லை, கவுளிக் கணக்குச் சொல்கிற மாதிரிச் சொன்னாள். "கூட்டல் குறி மாதிரிக் கீறணும்னு சொல்லுச்சு. கை பழகுனவுக செய்யணும்னுச்சு. என் நகத்த எடுத்துக் குடுங்க."

மலையம்மாள் தலையை நிமிர்த்தினாள்.

"எந்த நகத்த?"

"எரவாணத்துல இருக்குறத."

"ஏண்டி, உனக்குப் புத்தி பேதலிச்சிருச்சா? அந்த நகம் பட்டுத்தானே இந்தப் புள்ளை வாயி இப்பிடிக் கெடக்கு. திரும்பவும் அதையே அது வாயிக்குக் கொண்டாரியா? டேய், எடுக்காத. நான் சொல்றேன், எடுக்காத."

கருத்தக்கண்ணன் எரவாணத்தின் கீழே போய் நின்றான். கையைத் தூக்கினான். ஓலையைத் தொட்டபடி நின்றுவிட்டான்.

"அக்கா. அன்னைக்கு நாந்தேன் கூப்பிட்டேன்."

"என்னைக்கு?"

"கிரகணத்தன்னைக்கு. இவ கதவ அடச்சுக்கிட்டுத்தேன் படுத்திருந்தா. நாந்தேன் வந்து தட்டி எழுப்பிக் கூட்டிட்டுப் போனேன். ஒண்ணும் ஆகாதுன்னு சொன்னேன்."

மலையம்மாள் அவனையே பார்த்தாள். வெளியே யாரோ வெற்றிலைக் கூடையைத் தூக்கிக்கொண்டு பேசியபடி போனார்கள்.

"இத்தன நாளு ஊரே பேசுச்சே. நானும் பேசுனேனே. நீ எங்கடா இருந்த?"

"இங்கனதேன் இருந்தேன்."

அவள் அதற்குமேல் கேட்கவில்லை. அவன் ஓலைக்குள் கைவிட்டு நகத்தை எடுத்தான். துரு ஏறியிருந்தது. வேட்டி முனையால் துடைத்து மாயக்காளிடம் நீட்டினான். அவன் சொன்னது அவளுக்கு ஆறுதலாக இருந்ததா என்று கேட்டால், இல்லை. இனிமேல் அதை அவள் தனியாகச் சுமக்க வேண்டாம் என்பது மட்டும் தெரிந்தது. ஒரு பக்கச் சுமையை இன்னொரு ஆள் பிடித்தால் பாரம் குறையாது, நடை மட்டும் கொஞ்சம் நேராகும்.

"காது மடல் மாதிரி இருக்கணும்னு நர்சம்மா சொல்லுச்சு" என்றாள் அவனிடம். "கடையில நான் சொல்லல."

"ஏன் சொல்லல?"

"தெரியல."

அம்மியில் தேய்த்து நகத்தைத் தீட்டினாள். நிப்பிளையும் நகத்தையும் கொதிக்கிற தண்ணீரில் போட்டு எடுத்தாள். நகத்தைக் கட்டைவிரலில் மாட்டினாள். விரல் மெலிந்திருந்தது, நகம் ஆடியது. துணிக் கிழிசலைச் சுற்றி இறுக்கிக்கொண்டாள். சம்மணம் போட்டு உட்கார்ந்து, நிப்பிளின் நுனியை ஆட்காட்டி விரலுக்கும் நகத்துக்கும் நடுவே பிடித்தாள். அவ்வளவுதான், கண்ணை எடுத்துவிட்டாள். கொட்டகையிலும் அப்படித்தான், கிள்ளும்போது பார்க்க மாட்டாள். கிணுக்கென்று ஒரு கீறல். நிப்பிளைக் கால் சுற்றுத் திருப்பினாள். குறுக்கே இன்னொரு கீறல். ஒரு வெற்றிலை நரம்பு அகலம்கூட இருக்காது. கிழியவில்லை.

தண்ணீர் ஊற்றிக் கவிழ்த்தாள். ஒரு சொட்டு நுனியில் திரண்டு நின்றது, விழவில்லை. விரலால் அமுக்கினாள், பீச்சியது. விட்டாள், நின்றது.

மலையம்மாள் பிள்ளையைக் கொடுக்கத் தயங்கினாள். பிறகு கொடுத்தாள். மாயக்காள் பிள்ளையைப் படுக்கப் போடாமல் மடியில் நிமிர்த்தி உட்கார வைத்து, தலையை முழங்கையில் சாய்த்தாள். புட்டியில் தன் பாலை ஊற்றி, நிப்பிளை வலது பக்கத்து ஈறில் வைத்தாள். பிள்ளை அசையவில்லை. அமுக்கி ஒரு சொட்டு விட்டாள். நாக்கு அசைந்தது. ஈறு ரப்பரை மெதுவாகக் கடித்தது. கடித்ததும் பால் வந்தது. திகைத்த மாதிரி நிறுத்தியது. மறுபடி கடித்தது.

களக் என்று தொண்டையில் ஒரு சத்தம்.

இன்னொரு களக். கொஞ்சம் மூக்கில் வழிந்தது, மலையம்மாள் முந்தானையால் துடைத்தாள். பிள்ளை நிறுத்தி மூச்சு வாங்கியது, திரும்பக் கடித்தது. மாயக்காள் குனிந்து அந்த வாயைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பிளவும், அதன் ஓரத்தில் பால் நுரையும், அதற்கு மேலே மூடிய இமையும். நேராகப் பார்த்தாள். இப்போதும் பெரிதாக ஒன்றும் தோன்றவில்லை. ஆனால் அவள் உதடு மட்டும் அசைந்துகொண்டே இருந்தது.

ரொம்ப நேரம் ஆயிற்று. வாசலில் வெயில் படி ஏறி உள்ளே வந்தது. கருத்தக்கண்ணன் சுவரோரம் குத்தவைத்து உட்கார்ந்திருந்தான். பிள்ளையிடம் போகவும் அவனுக்குத் தைரியம் இல்லை, எழுந்து வெளியே போகவும் மனம் இல்லை. கடைசியில் கேட்டான்.

"எம்புட்டுக் குடிச்சிருக்கு?"

மாயக்காள் புட்டியைப் பார்க்கவில்லை.

"ஒரு கவுளி" என்றாள்.

அவன் புரியாமல் அக்காவைப் பார்த்தான். மலையம்மாளுக்குப் புரிந்துவிட்டது. இவ்வளவு நேரமும் அந்தத் தொண்டையில் இறங்கின நூறு மிடறையும் ஒவ்வொன்றாக இவள் எண்ணிக்கொண்டிருந்திருக்கிறாள். மலையம்மாள் முந்தானையை வாயில் பொத்திக்கொண்டு அழ ஆரம்பித்தாள்.

களக்.

"ஒண்ணு" என்றாள் மாயக்காள்.